பயற்றஞ் செடியின் வேர்முடிச்சும் ரைசோபியம் உரமும்

உளுந்து, பயறு சாகுபடி செய்வோரிடமிருந்து ஒரு முறையீடு நமக்குத் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றது. "விரிவாக்க மையத்தில் கறுப்புப் பொடிப் பொட்டலம் ஒன்று கொடுத்தார்கள். விதையோடு கலந்து விதைத்தோம். கலந்த வயலுக்கும் கலவாத வயலுக்கும் ஒரு வித்தியாசமும் காணோம்" என்பதே அது. இதனைக் கேட்டதும், விவசாயிக்கு விஷயம் விளங்கவில்லை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அவர் சொல்வது பல சமயங்களில் உண்மையாகவே இருக்கின்றது. பொட்டலத்தில் இருந்த உயிர், வயலுக்கு வந்து சேருமுன்னரே மாண்டு போயிருக்கலாம்; அல்லது அந்த வயலுக்கு அது தேவைப்படாமலே இருந்திருக்கலாம். இவ்விரண்டில் எது நேர்ந்தது என்பதை விவசாயி தம் வயலிலேயே, ஒரு மண்வெட்டியும் ஒரு பிளேடும் கொண்டு கண்டறிய இயலும். அவ்வாறு கண்டறியும் வழியையும், பொட்டலத்தை உயிரோடு வயலில் சேர்க்கும் முறையையும் இங்கு விளக்க முற்படுகின்றோம்.

திருப்போரூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த படூர், பழைய மகாபலிபுரம் சாலையின்மேல் அமைந்த கிராமம். கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழியும் உள்ளன. ஏரி மாவட்டம் எனப் பெயர் பெற்ற செங்கற்பட்டின் ஏனைய ஊர்களைப் போலவே இப்பகுதியும் ஏரிநீரை நம்பி நெல் விளைவித்து வந்ததாகும். சாலையோரம் கல்லூரிகளும், கம்ப்யூட்டர் கம்பெனிகளும், அடுக்குமாடிக் கட்டடங்களும் எழும்பிய பின்னர், விளைநிலம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. மிஞ்சிய நிலத்திலும் உடையவர் ஒருவர், உழுபவர் ஒருவர் என்னும் நிலையைப் பல ஊர்களில் காண்கின்றோம். ஓராண்டுக் குத்தகைக்கு நிலம் பிடித்தவர், மண்ணைத் திருத்துவதற்கென்று பெருஞ்செலவு செய்யத் துணியமாட்டார். துணியாததற்காக அவரைக் குறை சொல்லவும் இயலாது. அத்தகையவருக்கு, சம்பா அறுவடைக்குப்பின் நிலத்தில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு அறுபத்தைந்து, எழுபது நாட்களில் கைக்கு வந்துசேரும் உளுந்தும் பச்சைப்பயறும் மிகப் பொருத்தமான பயிர்கள். தையூர், மானாமதி முதலான ஏரிப்பாசன ஊர்களுக்கும் இது பொருந்தும். உர மூட்டைக்கு வரிசையில் நிற்காமல் இப்பயிர்களுக்கு வேண்டிய தழைச்சத்தைப் பெறும் வழி ஒன்று உண்டு என்றால், அதனைச் சரிவரத் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமன்றோ?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவாக, அதாவது நூற்றுக்கு 78 பங்கு, நைட்ரஜன் என்னும் வாயு உள்ளது. ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் நிற்கும் காற்று முழுவதையும் எடை போட இயலுமாயின், அதில் நைட்ரஜன் மட்டும் முப்பதாயிரம் டன்னுக்கு மேல் இருக்கும். நாம் தழைச்சத்து என்று கூறுவது இந்த நைட்ரஜனையே. ஆயினும் நெல்லோ கேழ்வரகோ இதில் ஒரு குன்றிமணி அளவையும் நேரே எடுத்துக்கொள்ள இயலாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று மும்மடங்குப் பிணைப்பால் இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அப்பிடியைப் பிரித்தாலன்றிப் பயிருக்கு அது உணவாகாது. மணலியிலுள்ள உரத் தொழிற்சாலை 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே நடைபெறும் வேலையின் சாரமும் இப்பிடியைப் பிரிப்பதுதான். இதற்கு 400 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய வெப்பமும், சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். இதற்கென 2019 வரை நாப்தாவையும், அதன்பின் இயற்கை எரிவாயுவையும் அத்தொழிற்சாலை பயன்படுத்தி வருகின்றது. இவ்வளவு பெரிய காரியத்தை, உளுந்துச் செடியின் வேரில் கடுகளவு முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியா, சாதாரண வெப்பத்தில், ஓசையின்றிச் செய்து முடிக்கின்றது.

பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்பதை உலகெங்கும் குடியானவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதற்குக் காரணம் வேர்முடிச்சே என்பதை 1886-இல் ஜெர்மானிய விஞ்ஞானிகளான ஹெல்ரீகல், வில்ஃபார்த் ஆகிய இருவரும் நிலைநாட்டினர். முடிச்சினுள் இருக்கும் பாக்டீரியாவை 1888-இல் ஹாலந்து நாட்டு பெய்ஜெரிங்க் தனியே பிரித்தெடுத்து வளர்த்தார். 1896-இல் நோப்பேயும் ஹில்ட்னரும் அதனை விற்பனைப் பொருளாக்க உரிமை பெற்றனர். நம் நாட்டில் 1920-இல் என்.வி. ஜோஷி இத்துறை ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தார். பின்னர் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம், நம் மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்ற ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. சேலம், கடலூர், குடுமியான்மலை முதலிய இடங்களில் அரசு உற்பத்தி நிலையங்களும் ஏற்பட்டன. பொட்டலத்தில் காணப்படும் கறுப்புப் பொடி உரமன்று. அது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியின் தூளே. நெய்வேலி நிலக்கரி இதற்கு நன்கு பயன்பட்டு வந்துள்ளது. அத்தூள் ஒரு வண்டி மட்டுமே. அதில் பயணம் செய்யும் உயிர்தான் சரக்கு.

அவ்வுயிர் என்ன செய்கின்றது? விதை முளைத்து வேர் விட்டதும், வேரிலிருந்து ஒருவகைப் பொருள் மண்ணில் கசிகின்றது. அருகிலுள்ள ரைசோபியம் அதனை உணர்ந்து, தானும் ஒரு பொருளைச் சுரந்து மறுமொழி கூறுகின்றது. இரண்டும் பொருந்தினால்தான் கதவு திறக்கும். உளுந்து, காராமணி போன்றவற்றில் மெல்லிய வேர்த்தூவி கொக்கிபோல் வளைந்து பாக்டீரியாவை உள்ளே வாங்கிக்கொள்கின்றது; நிலக்கடலையிலோ பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடுக்கின் வழியே அது நுழைகின்றது. உள்ளே சென்ற பாக்டீரியாவுக்குச் செடி வீடு கட்டித் தருகின்றது, அதுவே முடிச்சு. இலை தயாரிக்கும் சர்க்கரையைச் செடி கீழே அனுப்புகின்றது. பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றி மேலே அனுப்புகின்றது. ஆகவே இஃது இனாம் அன்று, பண்டமாற்று. வெயில் படாமல் நிழலில் வாடும் செடியும், மணிச்சத்துக் கிடைக்காத செடியும் விலை கொடுக்க இயலாமையால் சரக்கையும் குறைவாகவே பெறுகின்றன.

இவ்வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்ஸிஜன் ஆகாது. ஆனால் பாக்டீரியா மூச்சுவிட அதுவும் வேண்டும். இச்சிக்கலைத் தீர்ப்பதற்காக முடிச்சினுள் ஒரு செந்நிறப் பொருள் உண்டாகி, ஆக்ஸிஜனை அளந்து அளந்து கொடுக்கின்றது. நம் உடம்பில் ஓடும் இரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கு இது நெருங்கிய உறவு. லெக்ஹீமோகுளோபின் என்பது இதன் பெயர். பெயர் நினைவிலிராவிட்டாலும், அந்தச் சிவப்பு நிறத்தை விவசாயி மறவாதிருத்தல் வேண்டும். முடிச்சு வேலை செய்கின்றதா இல்லையா என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லா ரைசோபியமும் எல்லாச் செடிக்கும் உதவுவதில்லை. நல்லவேளையாக, நம் பகுதியில் பயிராகும் உளுந்து, பச்சைப்பயறு, காராமணி, கொள்ளு, துவரை, நிலக்கடலை, சணப்பு ஆகியவை யாவும் ஏறக்குறைய ஒரே குடும்பத்துப் பாக்டீரியாவை ஏற்றுக்கொள்கின்றன. காராமணிக் கூட்டம் என்று அதற்குப் பெயர். கொண்டைக்கடலைக்கும் சோயா மொச்சைக்கும் வேறு வேறு. நெல்லுக்கு முன் பசுந்தாள் உரமாக விதைக்கும் தக்கைப்பூண்டுக்கும் தனி இனம் உண்டு. உளுந்துக்கென்று வாங்கிய பொட்டலத்தை அதற்குக் கலப்பதால் பயனில்லை. கடற்கரை மணலில் ஓங்கி நிற்கும் சவுக்கு மரத்தின் வேரிலும் முடிச்சுகள் உண்டு என்பதைப் பலர் அறியார். அங்கே குடியிருப்பது ரைசோபியம் அன்று, பிராங்கியா என்னும் வேறொரு நுண்ணுயிர்.

காராமணிக் கூட்டத்துப் பாக்டீரியா நம் மண்ணில் இயற்கையாகவே இருப்பதால்தான், எதுவும் கலவாத வயலிலும் முடிச்சுகள் தோன்றுகின்றன. "முடிச்சுதான் இருக்கின்றதே, பொட்டலம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. முடிச்சு இருப்பது வேறு, முடிச்சு உழைப்பது வேறு. மண்ணில் உள்ளவற்றுள் செடியின் சர்க்கரையை உண்டுவிட்டுச் சொற்பமாகவே திருப்பித் தரும் சோம்பேறி இனங்களும் உள்ளன. அன்றியும், மாதக்கணக்கில் நீர் தேங்கி நின்ற நெல்வயலில் இவற்றின் தொகை குறைந்துவிடுகின்றது. ஆகவே நெல்லுக்குப்பின் பயறு விதைக்கும் வயலிலும், பல ஆண்டுகளாகப் பயறு வகையே காணாத நிலத்திலும் பொட்டலம் பயன் தரும் வாய்ப்பு அதிகம். ஆண்டுதோறும் நிலக்கடலை விளைந்து, சிவந்த முடிச்சுகள் நிறைந்து காணும் மேட்டு நிலத்தில், கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஏற்படாமலும் போகலாம். இதனை முன்னரே சொல்லிவிடுவது நலம். சொல்லாமல் விட்டு, எல்லா வயலிலும் அற்புதம் நிகழும் என்று வாக்களிப்பதனாலேயே நல்ல பொருளின்மீது அவநம்பிக்கை வளர்கின்றது.

இனி, பொட்டலம் சாகும் விதத்தைக் கவனிப்போம். உயிர் உரங்கள் 2006-ஆம் ஆண்டு முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வந்துள்ளன. பொடி வகையில் கிராம் ஒன்றுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருத்தல் வேண்டும் என்பது விதி. 200 கிராம் பொட்டலத்தில் ஆயிரம் கோடி ஆகின்றது. ஏக்கருக்கு வேண்டிய 8 கிலோ உளுந்தில் ஒன்றே முக்கால் இலட்சம் விதைகள் இருப்பதாகக் கொண்டால், விதை ஒன்றின்மேல் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள் ஒட்டும். இதில் பத்தில் ஒன்று பிழைத்தாலும் காரியம் நடந்துவிடும். நூற்றில் ஒன்றே பிழைக்குமாயின், விதை ஒன்றுக்கு ஐந்நூறு, அறுநூறே மிஞ்சும். மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் கூட்டத்தோடு அவை போட்டியிட இயலாது. அப்போது விவசாயி கலந்தது வெறும் நிலக்கரித் தூளே.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சாவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையின்கீழ் சில நாட்கள் கிடந்தால் போதும். ஒரு கடையில், பூச்சிமருந்து டப்பாக்களுக்கு மேலே, கூரையை ஒட்டிய பலகையில் இப்பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருந்ததை நாம் கண்டதுண்டு. திருப்போரூரிலிருந்து படூருக்கு வண்டிப் பெட்டியில் வைத்து, நடுப்பகலில், வழியில் நான்கு இடத்தில் நின்று கொண்டு வருவதும் ஏறக்குறைய அதற்குச் சமானமே. ஆகையால் வாங்கும்போதே பயிரின் பெயர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் படித்துப் பார்த்தல் வேண்டும். காலையிலோ மாலையிலோ, ஈரத்துணி சுற்றிய பையில் கொண்டுவருதல் நன்று. வீட்டில் நிழலான மூலையில், ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள், நீர் படாமல் வைக்கலாம். யூரியா மூட்டையோடும் மருந்தோடும் சேர்த்து வைத்தல் கூடாது.

கலக்கும் முறை எளிது. ஹெக்டேருக்கு 3 பொட்டலம், அதாவது 600 கிராம், என்பது பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. ஏக்கர் கணக்கில் ஒன்றேகால் பொட்டலம் வரும். தாராளமாக இரண்டு போடுவதால் கேடொன்றுமில்லை. பொட்டலம் ஒன்றுக்குச் சுமார் 200 மில்லி ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையின்மேல் பரவலாகப் படியுமாறு புரட்டி, நிழலில் கால் மணி நேரம் உலர்த்தி, உடனே விதைத்துவிட வேண்டும். கஞ்சி சுடச்சுட இருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும். நிலக்கடலைப் பருப்பின் தோல் மெல்லியது. முறத்தில் பரப்பி, கைபடாமல் குலுக்கிக் கலப்பது நல்லது. விதையில் கலக்கத் தவறியவர்கள் ஏக்கருக்கு 4 பொட்டலத்தை 10 கிலோ மக்கிய தொழு உரத்தோடும் 10 கிலோ மண்ணோடும் கலந்து, விதைப்புக்கு முன் ஈர நிலத்தில் தூவலாம். திரவமாகக் கிடைத்தால் விதைக்கு ஏக்கருக்கு 50 மில்லி, மண்ணுக்கு 200 மில்லி போதும். பாஸ்போபாக்டீரியாவையும் இதே முறையில் சேர்த்துக் கலக்கலாம்.

பூஞ்சாண மருந்து விஷயத்தில்தான் பலர் இடறுகின்றனர். கார்பன்டசிம், திரம் போன்ற மருந்துகளை விதையில் கலப்பதாயின், விதைப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகவே அதனை முடித்துவிட்டு, மறுநாள் ரைசோபியத்தைக் கடைசியாகக் கலக்க வேண்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறுவது, விருந்தாளியை அழைத்து நஞ்சூட்டுவது போலாகும். மருந்துக்குப் பதிலாக, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி கலந்துகொண்டால் இத்தொல்லை இல்லை. அதுவும் ஓர் உயிரே, ரைசோபியத்தோடு ஒத்து வாழும்.

ரைசோபியம் கலந்தபின் உரமே வேண்டாமோ என்றால், அப்படியன்று. முளைத்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் முடிச்சு வேலையைத் தொடங்கியிராது. அந்த இடைக்காலத்துக்கென்றே இறவைப் பயறுக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 10 கிலோவும், மானாவாரிக்கு அதில் பாதியும் அடியுரமாகச் சிபாரிசு செய்யப்பட்டுள்ளன. மணிச்சத்து இதைப்போல் இருமடங்கு. முடிச்சு உருவாக மணிச்சத்து இன்றியமையாதது. அதில் சிக்கனம் பிடித்தால் பொட்டலமும் வீண். ஆனால் பயிர் சற்று வெளுத்தாற்போல் தோன்றியதும் யூரியாவை அள்ளி வீசும் வழக்கத்தை நிறுத்துதல் வேண்டும். கேளாமலே சோறு கிடைக்கும் வீட்டில் யார் உழைப்பார்? மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் செடி முடிச்சுக்கு அனுப்பும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளும். முடிச்சு சிறுத்துப் போகும்.

இனி சோதனைக்கு வருவோம். விதைக்கும்போதே வயலின் நடுவில் நான்கு முழ அகலத்தில் ஒரு பட்டையைப் பொடி கலவாத விதைகொண்டு விதைத்து, இரு முனையிலும் முளைக்குச்சி அடித்து வைக்க வேண்டும். கலவாத விதையை முதலில் விதைப்பது முக்கியம். பொடி படிந்த கையும் கூடையும் பட்டால் சோதனை கெட்டுவிடும். விதைத்த முப்பதாம் நாளையொட்டி, பூ எடுக்கும் சமயத்தில், இரண்டு பகுதியிலும் பத்துப் பத்துச் செடிகளை எடுத்துப் பார்க்க வேண்டும். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். நிலத்தை நனைத்து, மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணோடு பெயர்த்து, வாளி நீரில் மெல்ல அலசி எடுத்தல் வேண்டும். விரலால் தள்ளியதும் பக்கவாட்டில் எளிதில் உதிர்வது முடிச்சு. வேரே வீங்கிக் கிடந்து, உதிராமல் இருப்பது நூற்புழுவின் வேலை. அதனை முடிச்சென்று எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது.

பின்னர் பெரிய முடிச்சுகளைப் பிளேடால் இரண்டாக அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே இரத்தம் போன்றோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அது உழைக்கும் முடிச்சு. வெள்ளையாக இருந்தால் சோம்பேறி இனமாக இருக்கலாம், அல்லது இன்னும் முதிராததாக இருக்கலாம். பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் வேலை முடிந்து ஓய்ந்தது. ஆணிவேரின் மேற்பகுதியில் பருத்த, சிவந்த முடிச்சுகள் கூட்டமாக இருப்பது நல்ல அறிகுறி. பக்கவேர்களின் நுனியில் சிறுசிறு வெண்முடிச்சுகள் நூறு இருந்தாலும் பெருமை கொள்வதற்கில்லை. இரண்டு பகுதியிலும் ஒரே மாதிரி சிவந்திருந்தால், அந்த நிலத்தில் நல்ல இனம் ஏற்கெனவே உண்டு என்பது பொருள். இரண்டிலும் வெளுத்திருந்தால், பொட்டலம் உயிரற்றதாக வந்ததோ, மணிச்சத்துக் குறைவோ, நிலத்தின் உவரோ என்று தேட வேண்டும். காய் முற்றும் சமயத்தில் பார்ப்பதில் பயனில்லை. அப்போது முடிச்சுகள் இயல்பாகவே அழுகத் தொடங்கியிருக்கும்.

உவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கழியையும் கால்வாயையும் ஒட்டிய தாழ்ந்த நிலங்களில் உப்பு மேலேறியிருக்குமாயின், உளுந்தும் பச்சைப்பயறும் அதைத் தாங்கமாட்டா. வேர்த்தூவி வளைந்து பாக்டீரியாவை வாங்கும் அந்த முதற்கட்டமே தடைப்படும். அங்கே பொட்டலங்களை இரட்டிப்பதைவிட, உவரை ஓரளவு தாங்கும் தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, நாற்பத்தைந்து நாளில் பூக்கும் தருவாயில் மடக்கி உழுதுவிடுவதே நல்லது. அதன் பலன் அடுத்து வரும் நெல்லுக்குச் சேரும். மண் பரிசோதனை செய்து உப்பின் அளவைத் தெரிந்துகொண்டபின் பயிரை முடிவு செய்தால் வீண்செலவு இராது.

எவ்வளவு லாபம் என்று கேட்காமல் விடமாட்டார்கள். நன்றாக முடிச்சு விட்ட உளுந்தோ நிலக்கடலையோ ஹெக்டேருக்கு 50 கிலோ அளவில் தழைச்சத்தைக் காற்றிலிருந்து சேர்க்கும் எனக் கணக்கிட்டுள்ளனர். ஏக்கருக்கு 20 கிலோ ஆகின்றது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ளதும் கிட்டத்தட்ட அவ்வளவே. மானிய விலையில் அம்மூட்டை மலிவாகக் கிடைப்பதால் ரூபாய்க் கணக்கில் இது பெரிதாகத் தோன்றாது. எனினும் கடையில் யூரியா கிட்டாத வாரத்தில் அதன் அருமை விளங்கும். ஒன்றை மட்டும் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். இந்த 20 கிலோவும் அடுத்த பயிருக்கு மிஞ்சிவிடுவதில்லை. பெரும்பங்கு மணியிலேறிக் களத்துக்குப் போய்விடுகின்றது. எஞ்சுவது வேரிலும், உதிர்ந்த இலையிலும், கொடியிலுமே. உளுந்துச் செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் அதுவும் போயிற்று. அடியில் அரிவாளால் அறுத்து, வேரை நிலத்திலேயே விட்டுவிட்டு, உதிர்ந்த சருகோடு உழுவதே முறை. நிலக்கடலையைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அதன் கொடி மாட்டுக்குப் போனாலும், சாணம் அதே நிலத்துக்குத் திரும்பினால் நஷ்டம் குறையும். நிலத்தை அடுத்த ஆண்டு யார் உழுவாரோ என்னும் குத்தகைதாரருக்கு இவ்வேலையில் ஊக்கம் குறைவது இயல்பு; உடையவரும் உழுபவரும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருசேரப் பேசி முடித்துக்கொண்டால் அக்குறை நீங்கும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யக்கூடியது அதிகச் செலவு பிடிப்பதன்று. ஊரில் பயறு விதைப்போர் எத்தனை பேர், எத்தனை ஏக்கர் என்று ஒரு பட்டியல் எடுத்து, தேவையை ஒரே கணக்காக விரிவாக்க மையத்துக்குத் தெரிவிக்கலாம். தனித்தனியே பத்துப் பேர் வெயிலில் கொண்டுவருவதைவிட, ஒருவர் அதிகாலையில் சென்று எல்லாவற்றையும் எடுத்துவந்து, அன்று மாலைக்குள் பங்கிட்டுவிடலாம். ஊருக்கு ஒரு வயலிலாவது மேலே சொன்ன சோதனைப் பட்டையை விட்டு, முப்பதாம் நாள் ஊராரைக் கூட்டி, முடிச்சை அறுத்துக் காட்டலாம். முடிவு எதுவாயினும் அதனை விரிவாக்க மையத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். முடிச்சு வெளுத்திருந்தால், பொட்டலத்தின் தொகுதி எண்ணையும் தேதியையும் தவறாமல் குறிப்பிடுதல் வேண்டும். அந்த எண் இல்லாமல் எழுதும் புகாரைக் கொண்டு யாரும் எதையும் செய்ய இயலாது. ஆகவே விதைத்த பின்னரும் காலி உறையை எறிந்துவிடாமல் அறுவடை வரை வைத்திருத்தல் அவசியம்.

தை, மாசியில் சம்பா அறுத்தபின் பயறு விதைக்க எண்ணுவோர், மார்கழி முதல் வாரத்திலேயே தங்கள் தேவையைத் திருப்போரூர் வேளாண்மை விரிவாக்க மையத்தில் பதிந்து வைத்தல் நலம். விதைப்புக்கு நான்கைந்து நாட்கள் இருக்கும்போது பொட்டலங்களை வாங்கிக்கொள்ளலாம்; அதற்கு முன்னதாக வாங்கி வீட்டில் வைக்க வேண்டாம்.